அலை உடைகிற இடம்: கலக்சிக் கொத்துகளை எடை போட்ட வரலாறு

ஏப்ரல் மாதத்து இரவொன்றில் கற்பிட்டிக் கரையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். தெற்கே நுரைச்சோலைப் பக்கம் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றப்படி நல்ல இருட்டு. பேச்சு எங்கெங்கோ சுற்றி வானத்துக்கு வந்தபோது, எங்கள் வாசிப்பு வட்ட நண்பி ஒருத்தி கேட்டாள்: "பாக்க ஏலாது, தொட ஏலாது, இதுவரைக்கும் ஒருத்தரும் புடிச்சதும் இல்ல. ஆனா பிரபஞ்சத்தில கூடுதலா இருக்கிறது அதுதானாம். கணக்குப் பிழைச்சதுக்கு வச்ச பேர்தானே இந்தக் கரும்பொருள்?"

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த சாச்சாவுக்கு கரும்பொருளும் தெரியாது, கலக்சியும் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ராவையில பாரையும்தான் ஒருத்தரும் பாக்கிறதில்ல மகள். அலை எங்க உடையுதெண்டு பாத்துத்தான் வள்ளத்தத் திருப்புற."

கடலுக்கடியில் இருக்கிற முருகைக்கல் பாரைத்தான் அவர் சொன்னார். அடியில் பார் இருந்தால் அதன் மேலே வரும் அலை வேகம் குறையும், வளையும், உடையும். தண்ணீருக்கு மேலே தெரிகிற அலையை வைத்து, தெரியாத பாரின் இடத்தையும் உருவத்தையும் கடற்தொழிலாளர்கள் அறிந்துகொள்கிறார்கள்.

நண்பி கேட்டது சரியான கேள்வி. சாச்சா சொன்னதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பிறகு தேடி வாசித்ததுதான் இந்தக் கட்டுரை. கரும்பொருளைப் பற்றி நூறு விதமாகப் பேசலாம். நான் ஒரே ஒரு இடத்தில் நின்று பார்க்கப்போகிறேன்: கலக்சிக் கொத்துகள். அது வெறும் கணக்குப் பிழையா என்ற சோதனை கடுமையாக நடந்தது அங்கேதான்.

400 மடங்கு

எங்கள் சூரியன் இருப்பது பால்வீதி என்ற கலக்சியில். அதில் பத்தாயிரம் கோடிக்கும் கூடுதலான நட்சத்திரங்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலக்சிகள் ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று கட்டுண்டு ஒரே இடத்தில் திரண்டிருந்தால் அது கலக்சிக் கொத்து. பிரபஞ்சத்தில் ஈர்ப்பால் கட்டுண்ட பொருட்களில் இவற்றைவிடப் பெரியது கிடையாது.

அன்றிரவு எங்கள் தலைக்கு மேல், கொஞ்சம் வடக்கே சரிந்து, அப்படியொரு கொத்து நின்றது. பெயர் கோமா. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

1933 இல் இந்தக் கோமாக் கொத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டவர் பிரிட்ஸ் ஸ்விக்கி. பல்கேரியாவில் பிறந்த சுவிஸ் நாட்டவர், அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கோமாவில் உள்ள கலக்சிகளில் அப்போது வேகம் அளக்கப்பட்டவை எட்டே எட்டுத்தான். அவற்றின் வேகங்களுக்கிடையில் செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஒரு கொத்துக்குள்ளே இவ்வளவு வேகமாக ஓடுகிறவை ஏன் சிதறிப் போகவில்லை என்பது அவருடைய கேள்வி.

கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூடக் கயிறும் பலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அறுந்துவிடும். கொத்தில் கயிறு என்பது ஈர்ப்பு. ஈர்ப்பின் பலம் அங்கே எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் என்பது ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் முப்பது இலட்சம் ஒளியாண்டைத் தாண்ட 90 கோடி ஆண்டு போதும். பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டு. பிடித்து வைக்கப் போதிய பொருள் இல்லையென்றால் கோமாக் கொத்து எப்போதோ கலைந்து போயிருக்கும். நாங்கள் இன்றைக்கு அதைப் பார்க்கவே முடியாது.

எவ்வளவு பொருள் தேவை என்று ஸ்விக்கி கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திர ஒளியை வைத்து மதிப்பிட்டதைப் போல 400 மடங்கு என்று விடை வந்தது. சுவிற்சர்லாந்து ஆய்விதழ் ஒன்றில் ஜெர்மன் மொழியில் எழுதிய அந்தக் கட்டுரையில், மிச்சப் பொருளை இருண்ட பொருள் என்று அழைத்தார். 1936 இல் சின்கிளேர் ஸ்மித் என்பவர் கன்னிக் கொத்தை வைத்து இதே மாதிரிக் கணக்குப் போட்டார். அங்கேயும் பொருள் போதவில்லை.

ஆனால் நாற்பது வருடங்களுக்கு இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேகம் அளக்கப்பட்ட கலக்சிகள் குறைவு, கொத்துகள் உண்மையில் கலைந்துகொண்டுதான் இருக்கின்றனவோ என்ற சந்தேகமும் இருந்தது. ஸ்விக்கி எல்லோரோடும் சண்டை பிடிக்கிற மனிதர் என்பதும் உதவவில்லை.

சந்தேகம் பாதி சரி

இங்கேதான் எங்கள் நண்பிக்கு நியாயம் சேர்கிறது. ஸ்விக்கியின் கணக்கில் உண்மையாகவே பெரிய பிழை இருந்தது.

அந்தக் காலத்தில் கலக்சிகளின் தூரத்தை அளக்கப் பயன்பட்ட ஹபிள் மாறிலியின் பெறுமானம் 558. இன்றைக்கு அது 70 அளவில்தான் இருக்கிறது. எட்டு மடங்கு பிழை. அதனால் ஸ்விக்கி கோமாக் கொத்து வெறும் 4.5 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்தார். தூரம் குறைவு என்று நினைத்தால், அங்கிருந்து வருகிற ஒளியையும் குறைவாகவே மதிப்பிடுவோம். மங்கலான லாம்பு பக்கத்தில் இருந்தால் சின்ன லாம்பு, தூரத்தில் இருந்தால் பெரிய லாம்பு. இதைத் திருத்தியபோது 400 மடங்கு 50 மடங்காக இறங்கியது.

ஆக, எட்டில் ஏழு பங்கு வெறும் கணக்குப் பிழைதான். அந்தப் பிழை போன பிறகும் ஒரு 50 மடங்கு அசையாமல் நின்றது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத ஆனால் சாதாரணமான ஏதாவது அங்கே ஒளிந்திருக்கிறதா?

ஒளிந்திருந்தது.

இந்து சமுத்திரத்திலிருந்து ஒரு தராசு

எங்கள் கரையிலிருந்து தென்மேற்கே கடலைக் கடந்துகொண்டே போனால் ஆபிரிக்காவில் கென்யாக் கரை வரும். அங்கே மாலிந்திக்குப் பக்கத்தில், கடலுக்குள் தூண்கள் நட்டுக் கட்டிய சான் மார்கோ என்ற இத்தாலிய ஏவுதளம் இருந்தது. 1970 டிசம்பர் 12 ஆம் திகதி அங்கிருந்து அமெரிக்காவின் சின்ன செய்மதி ஒன்று ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம். அதனால் செய்மதிக்கு உஹுரு என்று பெயர். சுவாஹிலி மொழியில் விடுதலை என்று அர்த்தம்.

வானத்திலிருந்து வருகிற எக்ஸ் கதிர்களை மட்டும் பார்ப்பதற்காக ஏவப்பட்ட முதல் செய்மதி உஹுரு. எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டிக் கீழே வராது. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். உஹுரு பார்த்தபோது, கோமா, கன்னி, பெர்சியஸ் போன்ற கொத்துகள் முழுக்க எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தன. தனித்தனிக் கலக்சிகள் மட்டுமல்ல, அவற்றுக்கு நடுவே வெறுமை என்று நினைத்த இடங்களும்தான். இந்தத் துறையைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரான ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு 2002 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கலக்சிகளுக்கு நடுவே இருந்தது வாயு. பெரும்பாலும் ஐதரசனும் ஹீலியமும். வெப்பநிலை ஒரு கோடி பாகையிலிருந்து பத்துக் கோடி பாகை வரை. இவ்வளவு சூடானதால்தான் அது சாதாரண ஒளியில் தெரியாமல் எக்ஸ் கதிரில் தெரிகிறது. அடர்த்தியோ மிக மிகக் குறைவு: ஒரு கன மீற்றருக்கு ஆயிரம் துகள் என்ற அளவில்தான். ஆனால் இடம் அவ்வளவு பெரியது என்பதால் கூட்டிப் பார்த்தால் பெரிய கொத்துகளில் இந்த வாயுவின் எடை எல்லா நட்சத்திரங்களின் எடையைப் போல ஆறு ஏழு மடங்கு வருகிறது.

புத்தளத்து ஆட்களுக்கு இது விளங்கும். கடல் தண்ணீரைப் பார்த்தால் உப்புத் தெரியாது. ஒரு கிலோத் தண்ணீரில் 35 கிராம் அளவு உப்பு இருக்கிறது. உப்பளத்தில் வெயிலுக்கு விட்டால்தான் எவ்வளவு இருந்தது என்று தெரியும். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி செய்தது அந்த வேலையைத்தான்.

1976 இல் இன்னொன்றும் தெரிந்தது. பெர்சியஸ் கொத்தின் வாயுவில் இரும்பு இருந்தது. இரும்பு நட்சத்திரங்களில்தான் உருவாகும். எத்தனையோ நட்சத்திரங்கள் வெடித்துத் தங்கள் சாம்பலைக் கலக்சிகளுக்கு வெளியே கொட்டியிருக்கின்றன என்பது அதிலிருந்து விளங்கியது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். ஒரு பெரிய கொத்தின் மொத்த எடை 100 என்று வையுங்கள். நட்சத்திரங்கள் 2 பங்கு அளவு. வாயு 13 பங்கு அளவு. கொத்துக்குக் கொத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். சாதாரணப் பொருள் என்று கூட்டினால் 15 அளவில் வரும். மிச்சம் 85. அதாவது 400 மடங்கு 50 ஆகி, வாயுவையும் சேர்த்தபோது ஏறக்குறைய 6 மடங்கில் வந்து நின்றது. அதற்குப் பிறகு எத்தனை தடவை திருத்திப் பார்த்தாலும் அந்த ஆறு கரையவில்லை.

அந்த ஆறு எங்கே இருக்கிறது?

இதற்கிடையில் 1970களில் வேரா ரூபினும் கென்ட் போர்டும் தனிக் கலக்சிகளுக்குள்ளேயே இதே பிரச்சினையைக் கண்டார்கள். கலக்சியின் ஓரத்தில் உள்ள நட்சத்திரங்களும் வாயுவும் நடுவில் உள்ளவற்றுக்குச் சமமான வேகத்தில் சுற்றின. தெரிகிற பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வேகம் குறைந்திருக்க வேண்டும். ரூபின் படிக்கிற காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வானியல் மேற்படிப்பில் பெண்களைச் சேர்ப்பதில்லை. 1965 இல்தான் பலோமார் வானாய்வகத்தில் அதிகாரபூர்வமாக அனுமதி பெற்று அவதானித்த முதல் பெண் ஆனார். அவருடைய அளவீடுகள் வந்த பிறகுதான் ஸ்விக்கியின் பழைய கட்டுரையைப் பலர் தூசு தட்டி எடுத்தார்கள்.

ஆனால் வேகத்தை வைத்துப் போடுகிற எல்லாக் கணக்குக்கும் ஒரே பலவீனம். ஈர்ப்பு விதி சரி என்று முன்கூட்டியே வைத்துக்கொள்கிறோம். 1983 இல் மொர்டெஹாய் மில்குரோம் அதைத்தான் கேட்டார்: பொருள் குறைவாக இல்லை, விதி தப்பாக இருந்தால்? தனிக் கலக்சிகளின் சுழற்சியை அவருடைய திருத்தம் நன்றாகவே விளக்கியது. கொத்துகளில்தான் அது தடுமாறியது.

பொருள் எங்கே கிடக்கிறது என்று இடத்தோடு காட்டுகிற முறை ஒன்று தேவைப்பட்டது. அது அலை உடைகிற இடத்தைப் பார்ப்பது போன்றது.

எடையுள்ள பொருளுக்குப் பக்கத்தால் போகிற ஒளி வளையும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதை 1919 சூரிய கிரகணத்தில் சரிபார்த்தார்கள். 1937 இல் ஸ்விக்கியே இன்னொரு யோசனை சொன்னார்: கலக்சிகளும் வில்லை மாதிரி வேலை செய்யும், பின்னால் உள்ளவற்றின் ஒளியை வளைத்துக் காட்டும், அதைக்கொண்டு எடை பார்க்கலாம். அரை நூற்றாண்டு கழித்து, 1980களின் நடுவில், ஏபெல் 370 போன்ற கொத்துகளில் பிறை மாதிரி வளைந்த நீளமான ஒளிக்கோடுகள் தெரிந்தன. பிரான்சில் ஜெனவீவ் சூக்கேயின் குழுவும் அமெரிக்காவில் ரோஜர் லின்ட்ஸ், வாஹே பெட்ரோசியன் இருவரும் இதைத் தனித்தனியே கண்டார்கள். நிறமாலையை அளந்தபோது, அந்தப் பிறை கொத்துக்குச் சொந்தமானது இல்லை, அதற்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள ஒரு கலக்சியின் இழுபட்ட உருவம் என்று தெரிந்தது.

இந்த முறையின் பலம் என்னவென்றால், ஒளி வளைவதற்கு அங்கே இருக்கிற பொருள் நட்சத்திரமா, வாயுவா, வேறொன்றா என்று பேதம் கிடையாது. எடை இருந்தால் வளையும். பின்னணியில் உள்ள நூற்றுக்கணக்கான கலக்சிகள் எப்படி இழுபட்டிருக்கின்றன என்று பார்த்து, முன்னால் உள்ள கொத்தின் எடைக்கு வரைபடமே கீறலாம்.

அகத்தியருக்குப் பக்கத்தில் ஒரு மோதல்

பெப்ரவரி மாதம் இரவு ஒன்பதரை மணியளவில் எங்கள் கரையில் நின்று தெற்கே பாருங்கள். தாழ்வாக ஒரு பிரகாசமான நட்சத்திரம் நிற்கும். தமிழில் அகத்தியர், அரபியில் ஸுஹைல். அதற்குச் சில பாகை தள்ளி, ஏறக்குறைய 380 கோடி ஒளியாண்டு தூரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு கலக்சிக் கொத்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்து நிற்கின்றன. புல்லட் கொத்து என்று பெயர். சின்னக் கொத்தின் வாயு துப்பாக்கிச் சன்னம் மாதிரி வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர்.

அந்த வாயுவைத் தெளிவாகப் படம் பிடித்தது சந்திரா எக்ஸ் கதிர் வானாய்வகம். 1999 ஜூலை 23 ஆம் திகதி கொலம்பியா விண்ணோடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர். 1910 இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் படித்து, 1983 இல் நோபல் பரிசு பெற்றவர். இந்தக் கதையில் அவருக்குப் பெயர் மட்டுமல்ல, வேலையும் இருக்கிறது. 1943 இல் நட்சத்திரத் திரள்களுக்காக அவர் ஒரு கணக்குப் போட்டார். கனமான பொருள் ஒன்று சிறிய பொருட்களுக்கு நடுவே ஓடும்போது, அதன் ஈர்ப்பால் பின்னால் ஒரு திரட்சி உண்டாகும். அந்தத் திரட்சி திரும்ப அதையே பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும். கொத்துகளுக்கும் இது பொருந்தும். கனமான கலக்சிகள் கரும்பொருளுக்கு நடுவே ஓடி, வேகம் குறைந்து, மெல்ல மெல்ல நடுவே விழுந்து, ஒன்றோடொன்று சேர்கின்றன. அனேகக் கொத்துகளின் நடுவில் ஒரு இராட்சதக் கலக்சி உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

புல்லட் கொத்துக்கு வருவோம். இரண்டு கொத்துகள் மோதினால் என்ன நடக்கும்? எதிரெதிரே வருகிற இரண்டு மீன் கூட்டங்களை நினையுங்கள். மீனுக்கு மீன் இடைவெளி இருப்பதால் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடும். கலக்சிகளும் அப்படித்தான் போய்விட்டன. ஆனால் வாயு அப்படியில்லை. ஒன்றோடொன்று முட்டி, சூடேறி, வேகம் குறைந்து நடுவிலேயே தேங்கிவிட்டது.

சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயுதான் என்று மேலே பார்த்தோம். கரும்பொருள் என்று ஒன்று இல்லை, ஈர்ப்பு விதிதான் வேறு என்றால், எடை கூடுதலாகத் தெரிய வேண்டியது வாயு தேங்கிய நடு இடத்தில். 2006 இல் டக்ளஸ் க்ளோவும் அவருடைய குழுவும் ஒளி வளைவை வைத்து எடை வரைபடம் கீறியபோது, எடை நடுவில் இருக்கவில்லை. வாயுவைத் தாண்டி, இரு பக்கமும், கலக்சிகள் போய் நின்ற இடங்களில் இருந்தது. எடையில் பெரும்பங்கு வாயுவை விட்டுப் பிரிந்து, எதிலும் முட்டாமல் நேரே போயிருக்கிறது.

நண்பியின் கேள்விக்கு நேரான பதில் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கணக்குப் பிழை என்றால் எண்தான் பிழைக்கும். இங்கே எடை தெரிகிற பொருளை விட்டு விலகி வேறொரு இடத்தில் கிடக்கிறது. சாச்சாவின் மொழியில் சொன்னால், அலை உடைகிற இடத்தில் மேலே ஒன்றும் இல்லை, அடியில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கொத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாதுதான். 2015 இல் டேவிட் ஹார்வியின் குழு இப்படி 72 மோதல்களைச் சேர்த்துப் பார்த்தது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அங்கேயும் எடை வாயுவோடு நிற்கவில்லை.

இன்னொரு பக்கத்தாலும் சரிபார்ப்பு வந்தது. பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளந்த பிளாங்க் செய்மதி 2013 இல் தந்த கணக்கின்படி, கரும்பொருள் சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்குச் சற்றுக் கூடுதல். கொத்துகளைக் கொண்டு எடுத்த விடைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகள்.

கோயம்புத்தூரில் பிறந்தவர் வரைந்த வரைபடம்

கொத்துக்குள்ளே கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது? நடுவில் அடர்த்தியாக, வெளியே போகப் போக மெலிந்து, கலக்சிகள் எல்லாவற்றையும் தாண்டி விரிந்த ஒரு பெரிய உருண்டை என்று முதலில் வைத்துக்கொள்ளலாம். வாயுவும் கிட்டத்தட்ட அப்படியே பரந்திருக்கிறது, ஆனால் நடுவில் அவ்வளவு குவியாமல். நட்சத்திரங்கள் மட்டும் கலக்சிகள் என்ற சின்னச் சின்னத் திட்டுகளாக ஒதுங்கிக் கிடக்கின்றன. இரவில் கடலைப் பார்க்கும்போது தெரிகிற வள்ள லாம்புகள் மாதிரி. லாம்பு தெரிகிற இடம் மட்டும் கடல் இல்லை.

ஆனால் அந்தப் பெரிய உருண்டை வழவழப்பானது இல்லை. ஒவ்வொரு கலக்சியையும் சுற்றி அதற்கென்று ஒரு கரும்பொருள் கட்டி இருக்கிறது. அந்தக் கட்டிகளை எடை போடுகிற முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, அமெரிக்காவில் எம்ஐடியிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்து, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். 1997 இல் அவரும் ஜான் பால் நீப்பும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் யோசனை இது: கொத்து முழுவதும் சேர்ந்து ஒளியை வளைப்பது பெரிய அலை என்றால், தனிக் கலக்சியின் கட்டி அதன் மேல் இன்னொரு சின்ன நெளிவை உண்டாக்கும். பெரியதைக் கழித்துவிட்டுச் சின்னதை அளக்கலாம்.

அப்படி அளந்தபோது, கொத்துக்குள்ளே இருக்கிற கலக்சிகளின் கட்டிகள் வெளியே தனியாக இருக்கிற கலக்சிகளின் கட்டிகளைவிடச் சிறியவையாக இருந்தன. கொத்தின் ஈர்ப்பு அவற்றின் வெளிப்பகுதியைப் பிய்த்துத் தனக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கரும்பொருள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று கோட்பாடு சொன்னதற்கு இது பொருந்தியது.

பிறகு பொருந்தாத ஒன்றும் வந்தது. 2020 செப்டெம்பரில் மாசிமோ மெனெகெட்டி தலைமையில், பிரியம்வதா நடராஜனும் சேர்ந்த குழு, ஹபிள் தொலைநோக்கி எடுத்த கொத்துகளின் படங்களையும் கணினிக்குள்ளே உருவாக்கிய கொத்துகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. உண்மையான கொத்துகளில் கலக்சிகளின் கட்டிகள் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாகக் குவிந்திருந்தன. அவை ஒளியை வளைக்கும் திறன் கணினி சொன்னதைப் போலப் பத்து மடங்குக்கும் கூடுதல். கணினி மாதிரிகளின் நுணுக்கம் போதாததுதான் காரணம் என்று வேறு குழுக்கள் பதில் எழுதின. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நண்பிக்குச் சொன்னது

அடுத்த சந்திப்பில் இதையெல்லாம் நண்பிக்குச் சொன்னேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப அது என்னெண்டு கண்டுபுடிச்சாச்சா?" என்று கேட்டாள். இல்லை. பூமிக்கடியில் சுரங்கங்களுக்குள் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள். கரும்பொருளின் ஒரு துகள்கூட ஐயமில்லாமல் பிடிபடவில்லை. அது எங்கே, எவ்வளவு கிடக்கிறது என்பது தெரிகிறது. அது என்ன என்பது தெரியாது. இந்த இரண்டையும் பிரித்து வைத்தால் குழப்பம் குறையும்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது, சந்தேகப்பட்டவர்களால்தான் இது இவ்வளவு தூரம் வந்தது என்பது. தூரத்தைத் திருத்தியவர்கள், வாயுவைத் தேடியவர்கள், ஈர்ப்பு விதியையே கேள்வி கேட்ட மில்குரோம் என்று எல்லோரும் ஸ்விக்கியின் 400 ஐக் குறைக்கத்தான் வேலை செய்தார்கள். குறைத்தும் காட்டினார்கள். அவ்வளவு பேர் தேய்த்தும் போகாத ஆறு என்பதால்தான் இன்றைக்கு அதை நம்புகிறோம். நண்பி அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் தலையாட்டியிருந்தால் நானும் இதையெல்லாம் தேடி வாசித்திருக்க மாட்டேன்.

ஹபிள் எடுத்த கொத்துகளின் படங்களும் தரவுகளும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. ஏபெல் 370 என்று தேடி, அந்தப் பிறை வடிவ ஒளிக்கோட்டை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு போன் போதும். பெப்ரவரி வந்தால் கரைக்குப் போய் அகத்தியரைப் பாருங்கள். பக்கத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சாச்சாவுக்கும் புல்லட் கொத்தின் படத்தைப் போனில் காட்டினேன். சிவப்பு எது, நீலம் எது என்று கேட்டார். சிவப்பு வாயு, நீலம் எடை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அவங்களும் அலையத்தான் பாக்கிறாங்க" என்றுவிட்டு வலையைக் கையில் எடுத்தார்.